வடகிழக்குத் தீர்ப்பும் கேட்கப்படாத வினாவும்

2006 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் நாள் இலங்கை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால், பதினெட்டு ஆண்டுகளாக ஒரே நிருவாக அலகாக இயங்கிவந்த வடக்கு, கிழக்கு மாகாணங்கள் மீண்டும் இரண்டாயின. ‘விஜேசேகர முதலானோர் எதிர் சட்டமா அதிபர்’ எனச் சட்ட அறிக்கைகளிற் பதிவுபெற்ற இவ்வழக்குப் பற்றிப் பேசப்பட்டவை பல, எழுதப்பட்டவையும் பல. ஒரு சாரார் இதனைச் சட்டத்தின் வெற்றி எனக் கொண்டாடினர். மறுசாரார் தமிழர் தாயகக் கோட்பாட்டின்மீது விழுந்த வெட்டு என வருந்தினர். ஆயினும் தீர்ப்பின் உள்ளே நுழைந்து அதன் நியாயத்தை அடியடியாகப் பின்தொடர்ந்தோர் இரு சாராரிலும் சிலரே எனல் வேண்டும். வரவேற்றோர் முடிவை வரவேற்றனர். வெறுத்தோர் முடிவை வெறுத்தனர். முடிவுக்கும் அதற்குக் காட்டப்பெற்ற காரணத்துக்கும் இடையே கிடந்த தூரத்தை அளந்து பார்க்க எவரும் அவசரப்படவில்லை. இத்தீர்ப்பின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படுவது அவ்விடத்திலேதான்.

திருகோணமலையிலிருந்து நோக்குவார்க்கு இவ்வழக்கு ஏட்டுச் சட்டமாக மட்டும் தோன்றுதல் அரிது. வடக்கையும் கிழக்கையும் பொருத்தும் மூட்டாக அமைந்தது இம்மாவட்டம். தென்னமரவடிக்கு அப்பால், கொக்கிளாய்க் களப்பின் கரையில், ஒரு மாகாணம் முடிந்து மற்றையது தொடங்குகின்றது. ‘அடுத்துள்ள மாகாணங்கள்’ என்று சட்டம் கூறும் அடுத்துள்ள தன்மை நிலத்தில் உறையும் இடம் அதுவே. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டுக்கு இந்நகரைத் தேர்ந்து, நாற்றிசையிலுமிருந்து மக்களை நடந்துவரச் செய்தமை இதன் பொருள் உணர்ந்தே என்பதில் ஐயமில்லை. 1957 இன் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் வடமாகாணத்தை ஒரு பிரதேசமாகவும் கிழக்கை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேசங்களாகவும் வகுத்து, பிரதேசங்கள் மாகாண எல்லையைக் கடந்தும் தம்முள் இணைய இடமளித்தது. இணைப்பு என்ற எண்ணம் 1987 இல் வெளியிலிருந்து வந்து இறங்கியது என்போர் இவ்வாசகத்தை ஒருமுறை நோக்குதல் நன்று. 1987 யூலை 29 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கையொப்பமிட்ட உடன்படிக்கையோடு மாற்றிக்கொள்ளப்பட்ட கடிதங்களிலே திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் பெயர் சுட்டி இடம்பெற்றன. துறைமுகத்தைப் பற்றி இரு அரசுகளும் ஐயத்துக்கிடமின்றிப் பேசிக்கொண்டன. துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்கள் எம்மாகாணத்தவர் என்பதை மட்டும் பின்னர் நடத்தப்படவிருந்த ஒரு வாக்கெடுப்புக்கு விட்டுவைத்தன. அவ்வாக்கெடுப்பே இக்கட்டுரையின் மையப் பொருள்.

உடன்படிக்கை வகுத்த ஏற்பாடு இதுவாகும். இரு மாகாணங்களும் தற்காலிகமாக ஒன்றிணைந்து ஒரே சபையைப் பெறும். 1988 டிசம்பர் 31 அளவிலோ அதற்கு முன்னரோ கிழக்கு மாகாண மக்களிடையே வாக்கெடுப்பு நடத்தப்பெற்று, இணைந்திருப்பதா பிரிந்து செல்வதா என்பது எளிய பெரும்பான்மையால் முடிவு செய்யப்படும். வன்செயலால் இடம்பெயர்ந்தோருக்கும் அதில் வாக்குண்டு. சனாதிபதி தம் விருப்பத் தற்றுணிபின்படி வாக்கெடுப்பைப் பின்போடலாம். வாக்கெடுப்பு நடைபெறுமாயின் அதனை மேற்பார்வை செய்யும் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் பிரதம நீதியரசர். இவ்விறுதிச் செய்தி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் இணைப்பை வறிதாக்கிய தீர்ப்பை எழுதியவரும் பிரதம நீதியரசரே.

உடன்படிக்கையைச் சட்டமாக்க வந்தவை அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தமும், 1987 இன் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் ஆகும். திருத்த மசோதாவை ஆராய்ந்த ஒன்பது நீதியரசர்களுள் நால்வர் அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்றனர். நால்வர் வேண்டும் என்றனர். இரண்டு உட்பிரிவுகளுக்கு மட்டும் வேண்டும் என்ற நீதியரசர் ரணசிங்கவின் நிலைப்பாடே தட்டைச் சாய்த்தது. நூலிழையில் தப்பிய அத்திருத்தத்தின் 154அ(3) உறுப்புரை, இரண்டு அல்லது மூன்று அடுத்துள்ள மாகாணங்கள் ஒரே நிருவாக அலகாக அமைவதற்குச் சட்டத்தால் அல்லது சட்டத்தின்கீழ் ஏற்பாடு செய்யும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு அளித்தது. அவ்வாறே தொடர்வதா பிரிவதா என்பதைத் தீர்மானிக்கும் முறையையும் பாராளுமன்றமே வகுக்கலாம் என்றது. சட்ட வாசகத்தில் ‘இணைப்பு’ என்ற சொல் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ‘ஒரே நிருவாக அலகு’ என்பதே உண்டு. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இணைப்பு என்ற சொல் பெற்ற கனம் வேறு. சட்டநூலில் அது தாங்கிய கனம் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த குழப்பங்கள் சில அல்ல.

மாகாண சபைகள் சட்டத்தின் 37 ஆம் பிரிவு இவ்வதிகாரத்தைச் சனாதிபதியின் பிரகடனத்திடம் ஒப்படைத்து, அதற்கு ஒரு முன்னிபந்தனையும் விதித்தது. ஆயுதக் குழுக்கள் தம் படைக்கலங்களை அரசிடம் ஒப்படைத்துவிட்டன என்றும், பகைச்செயல்கள் ஓய்ந்துவிட்டன என்றும் சனாதிபதி திருப்தியுற்றாலன்றிப் பிரகடனம் செய்தலாகாது. நிபந்தனை தெளிவானது, நாடு இருந்த நிலை அதனினும் தெளிவானது. 1987 ஒக்டோபரிலேயே இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டுவிட்டது. ஆயுதம் ஒப்படைக்கப்படவுமில்லை, பகை ஓயவுமில்லை. ஆயினும் தேர்தல் நடந்தாக வேண்டும். 1988 செப்டெம்பரில் ஜயவர்த்தனா கையாண்ட வழி யாதெனில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஓர் அவசரகால ஒழுங்குவிதியை ஆக்கி, 37 ஆம் பிரிவின் முன்னிபந்தனைக்கு மாற்றாக வேறொன்றைப் புகுத்தியமையாகும். ஆயுதங்களை முற்றாக ஒப்படைக்கச் செய்யும் நடவடிக்கைகள் தொடங்கப்பட்டிருந்தாலும் போதும் என்பது அது. நிபந்தனை நிறைவேறாதவிடத்து நிபந்தனையையே நிறைவேறிய நிலைக்கு இறக்கிவிட்டனர். பிரகடனம் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 19 இல் தேர்தல் நடந்தது. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். திருகோணமலை தலைநகராயிற்று.

அச்சபை 1990 இல் முடிவுற்றது. அதன்பின் 2006 வரை வடகிழக்கு மாகாணத்தை ஆளுநரும் அதிகாரிகளுமே நடத்தினர். மக்கள் தெரிந்தெடுத்த சபையெதுவும் இல்லை. வாக்கெடுப்போ ஆண்டுதோறும் வர்த்தமானிக் கட்டளையாற் பின்போடப்பட்டது. ஜயவர்த்தனாவுக்குப் பின் வந்த சனாதிபதிகள் எக்கட்சியினராயினும், எக்கொள்கையினராயினும், இவ்வொன்றில் ஒத்துநின்றனர். காரணம் வெளிப்படை. 1981 குடிசன மதிப்பின்படி கிழக்கில் தமிழர் நூற்றுக்கு நாற்பத்திரண்டு அளவினர். முஸ்லிம்கள் முப்பத்திரண்டு அளவினர். சிங்களவர் இருபத்தைந்து அளவினர். எளிய பெரும்பான்மையால் முடிவாகும் வாக்கெடுப்பிலே எவரும் தனித்து வெல்லவியலாது. நடத்தினால் தோற்கலாம் என்று தமிழ்க் கட்சிகள் அஞ்சின. நடத்தினால் எதிர்பாராதது நேரலாம் என்று கொழும்பும் அஞ்சியது. எல்லாரும் அஞ்சிய வாக்கெடுப்பை எவரும் கேட்கவில்லை.

2006 யூலை 14 இல் மூன்று அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாயின. பின்னணியில் நின்றது மக்கள் விடுதலை முன்னணி. கிழக்கு மாகாண வாசிகளாகிய தமக்கு, தம் மாகாணத்துக்கெனத் தனிச் சபையைத் தெரியும் உரிமை மறுக்கப்படுகின்றது, இது 12(1) உறுப்புரை தரும் சட்டத்தின் முன் சமத்துவத்தை மீறுவது என்பதே மனுதாரரின் முறைப்பாடு. மனுக்கள் தாக்கலாகி ஒரு வாரத்தில் மாவிலாற்று அணைக்கட்டு மூடப்பட்டது. அதனைத் தொடர்ந்து மூதூரும் சம்பூரும் போர்க்களமாயின. மாவட்டத்தின் தென்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். தீர்ப்பு வெளிவந்த அதே நாளில், ஹபரணைக்கு அணித்தாகத் திகம்பத்தானையில் கடற்படையினரின் வாகனத் தொடர்மீது நடந்த தற்கொலைத் தாக்குதலில் நூற்றுவரளவில் மாண்டனர். பகைச்செயல்கள் ஓய்ந்தனவா என்ற பழைய வினாவுக்கு 1988 இலும் 2006 இலும் விடை ஒன்றாகவே இருந்தது.

பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் கொண்ட ஆயம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் நடுநாயகமான வாதத்தை நேர்மையோடு நோக்குபவர் அதனை மறுத்தல் எளிதன்று. அரசியலமைப்பின் 155(2) உறுப்புரை, அவசரகால ஒழுங்குவிதிகள் அரசியலமைப்பொழிந்த எச்சட்டத்தையும் மேவவும் திருத்தவும் இடைநிறுத்தவும் வல்லன என்கின்றது. சொல்லளவில் நோக்கின் ஜயவர்த்தனா செய்தது அவ்வதிகாரத்துள் அடங்கும். நீதிமன்றம் சொல்லோடு நின்றுவிடவில்லை. அவசரகால அதிகாரம் பொதுமக்கள் பாதுகாப்புக்காகவும் ஒழுங்கைப் பேணுவதற்காகவும் தரப்பட்டது. மாகாணங்களின் அமைப்பை மாற்றுவதற்குப் பாராளுமன்றம் விதித்த நிபந்தனையை அகற்றுதல் அந்நோக்கத்துக்குப் புறம்பானது. ஆகவே ஒழுங்குவிதி செல்லாது, அதன் துணைகொண்டு எழுந்த பிரகடனமும் செல்லாது என்றது. இது நல்ல சட்டம். 1983 தொட்டு 2011 வரை பெரும்பாலான காலம் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் வாழ்ந்த மக்கள், அவ்விதிகளின் நோக்கத்தை நீதிமன்றம் இவ்வாறு துருவிக் கேட்க வேண்டுமென்று பலமுறை வேண்டிநின்றவர்களே. தமிழர் பக்க விமர்சகர் சிலர் இத்தீர்ப்பை மறுக்கும் வேகத்தில் ஜயவர்த்தனாவின் ஒழுங்குவிதியைத் தாங்கிப்பிடிக்க முனைந்தனர். அது தம் கையாலேயே தம் கேடயத்தைக் களைவதாகும்.

அடுத்து நிற்பது காலத்தடை. 126(2) உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனு, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துள் வரவேண்டும். பிரகடனமோ 1988 இல் நிகழ்ந்தது. மீறல் ஒருநாளில் நிகழ்ந்து முடிந்ததன்று, வாக்குரிமை மறுப்பு நாளும் தொடர்வது எனக் கொண்டு ஆயம் இத்தடையைக் கடந்தது. உரிமையை விரிவாகப் பொருள்கொள்ளும் இம்முறை பாராட்டற்குரியது. ஆயின் பாராட்டும்போதே பழைய வழக்கொன்று நினைவுக்கு வருதலைத் தடுத்தல் இயலாது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962 இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பெற்ற அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன், 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றம் 1967 இல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடர இயலாது என்ற ஒரே காரணத்தை வாயிலில் நிறுத்தி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியைத் தொடாமலே விட்டது. கோமறைக் கழகம் 1969 இல் அவ்வாயிலைத் திறந்து, உள்ளிருக்கும் வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. ஆராயப்படுமுன் 1972 இன் குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29 ஆம் பிரிவு மறைந்தது. வினாவும் அதனோடு மறைந்தது. ஒரு காலத்தில் வாயிலிலே நின்றுவிட்ட நீதிமன்றம் மற்றொரு காலத்தில் பூட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே சென்றது. இரண்டும் சட்டத்தின் பெயராலேயே நிகழ்ந்தன. சட்ட நுட்பம் எப்போது தடையாகும், எப்போது ஆகாது என்பதைச் சட்டநூல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தலே போதிய சான்று.

ஆயினும் இத்தீர்ப்பின் மெய்யான குறை காலத்தடையில் இல்லை, பரிகாரத்தில் இருக்கின்றது. மனுதாரர் முறையிட்டது வாக்குரிமை மறுக்கப்பட்டமை பற்றி. கிழக்கு மக்களுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக இரண்டு வாக்குகள் மறுக்கப்பட்டிருந்தன. ஒன்று, தமக்கெனச் சபையைத் தெரியும் வாக்கு. மற்றது, எவ்வலகில் இருப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் வாக்கு. நீதிமன்றம் முதலாவதை மீட்டுத் தந்தது. அவ்வாறு தந்த கையாலேயே இரண்டாவதை இல்லாதாக்கியது. பிரகடனம் வறிதானபோது, அதன் வழிவந்த வாக்கெடுப்பும் வறிதாயிற்று. கேட்கப்பட வேண்டிய வினா கேட்கப்படாமலே விடையளிக்கப்பட்டது. விடையளித்தோர் ஐவர், கேட்கப்பட வேண்டியோர் ஒரு மாகாணத்து மக்கள்.

இவ்விடத்தில் 1999 இன் கருணாதிலக்க எதிர் தயானந்த திசாநாயக்க வழக்கை ஒப்புநோக்குதல் பெரும்பயன் தரும். 1998 ஆகஸ்ட் 28 இல் ஐந்து மாகாண சபைகளுக்கு நடைபெறவிருந்த தேர்தலை, அம்மாதத் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, அதன்கீழ் ஆக்கிய ஒழுங்குவிதியால் அரசு நிறுத்திவைத்தது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு, வாக்களித்தல் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம் என்றது. ஒழுங்குவிதி செல்லாது என்றது. அத்தோடு நிற்கவில்லை. தேர்தலை நடத்துமாறு பணித்தது. 1999 ஏப்பிரலில் ஐந்து மாகாணங்களிலும் மக்கள் வாக்களித்தனர். இரு தீர்ப்புகளும் ஒரே நீதிமன்றத்தின் தீர்ப்புகள். இரண்டும் அவசரகால ஒழுங்குவிதியைத் தள்ளியவை. இரண்டும் வாக்குரிமையின் பெயரால் எழுந்தவை. முன்னையது தடையை அகற்றி மக்களை வாக்குப் பெட்டிவரை கொண்டுசேர்த்தது. பின்னையது தடையை அகற்றும்போது வாக்குப் பெட்டிகளுள் ஒன்றையும் சேர்த்தே அகற்றியது.

‘பிரகடனமே செல்லாதெனின், அதனடியாகப் பிறக்கும் வாக்கெடுப்பை எவ்வாறு நடத்துவது?’ என்று வினவப்படலாம். தருக்க நெறியில் இவ்வினா வலியது. எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஆயின் உயர் நீதிமன்றத்தின் கையிலிருந்தது தருக்கம் மட்டுமன்று. நீதியும் ஒப்புரவும் எனத் தான் கருதும் எந்நிவாரணத்தையும் பணிப்பையும் வழங்கும் அதிகாரத்தை 126(4) உறுப்புரை அதற்குத் தந்திருக்கின்றது. வறிதாக்கும் கட்டளையின் விளைவைக் குறித்த காலத்துக்குத் தள்ளிவைத்து, அதற்குள் 154அ(3) இன்கீழ் முறையான சட்டமொன்றை ஆக்கவோ, கிழக்கு மக்களின் கருத்தைச் சட்டப்படி அறியவோ அரசுக்கு இடமளித்திருக்கலாம். பாராளுமன்றத்துக்குரியதைச் சனாதிபதி எடுத்துக்கொண்டார் என்பதே தீர்ப்பின் குற்றச்சாட்டு. எடுத்ததைப் பாராளுமன்றத்திடம் திருப்பிக் கொடுப்பதுதான் அதற்கேற்ற பரிகாரமாக இருந்திருக்கும். நீதிமன்றம் அதனை எவரிடமும் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டுப் போயிற்று.

37 ஆம் பிரிவின் முன்னிபந்தனையும் விமர்சனத்துக்குரியதே. ஆயுதம் ஏந்தாத உழவனும் மீனவனும் ஆசிரியனும் எம்மாகாணத்தவர் என்பது, ஆயுதம் ஏந்தியோர் அதனைக் கீழே வைப்பதிலே தங்கியிருக்குமாறு சட்டம் செய்தது. பொதுமக்களின் உரிமைக்கு இயக்கங்களின் நடத்தையைப் பிணையாக வைத்த இவ்வாசகம் 1987 இல் அவசரத்தில் எழுதப்பட்டது என்று மன்னிக்கலாம். 2006 இல் அதனை அளவுகோலாகக் கொண்ட நீதிமன்றம் அதன் நியாயத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் வியப்புற்றிருக்கலாம்.

முஸ்லிம் மக்களின் நிலையை விட்டுவிட்டு இவ்விடயத்தைப் பேசுதல் முறையாகாது. தமிழ் விமர்சனங்களிற் பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே. உடன்படிக்கை, வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று முறையில் வாழ்ந்துவரும் இடங்கள் என்றது. ‘தமிழ் பேசும்’ என்ற அடைமொழியினுள் முஸ்லிம்கள் அவர்களைக் கேளாமலே அடக்கப்பட்டனர். கிழக்கில் மூன்றிலொரு பங்கினராக இருந்தோர் இணைந்த மாகாணத்தில் அதனினும் மிகச் சிறிய பங்கினராயினர். திருகோணமலை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பின்படி அவர்களே முதற்பெருந் தொகையினர். கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழ்வோர்க்கு இணைப்பு அச்சமாகத் தோன்றியிருப்பின், அவ்வச்சத்தை ஒரு வாக்கெடுப்புக் களத்தில் எதிர்கொண்டு, உறுதிமொழி தந்து, வாதாடி வெல்ல வேண்டிய கடன் தமிழ்த் தலைமைகளுக்கு இருந்தது. வாக்கெடுப்பு பின்போடப்பட்ட ஒவ்வோராண்டும் அக்கடனும் பின்போடப்பட்டது. 2006 இல் நீதிமன்றம் அதனையே தேவையற்றதாக்கியபோது, தமிழ்க் கட்சிகள் உரத்துக் கண்டித்தன. உள்ளூரச் சிறிது ஆறுதலும் அடைந்திருத்தல் கூடும்.

பதினெட்டு ஆண்டுகள் சட்டத்தில் நிகழவில்லை என்று கூறுவது எளிது. அலுவலகங்களில் அவ்வாறு கூறுதல் எளிதன்று. நியமனங்கள், இடமாற்றங்கள், கல்வி, சுகாதாரத் திணைக்களங்கள் யாவும் ஒரே மாகாணத்துக்குரியனவாக வளர்ந்திருந்தன. 2007 ஜனவரி முதல் நிருவாகம் இரண்டாயிற்று. இரண்டானபின்னும் வடமாகாணத்தின் தலைமை அலுவலகங்கள் சில ஆண்டுகள் திருகோணமலை வரோதயநகரிலேயே இயங்கிவந்தன. ஒரு மாகாணத்தை மற்றொரு மாகாணத்தின் தலைநகரிலிருந்து ஆண்ட இவ்விந்தையைப் போரும் பாதை அடைப்பும் தோற்றுவித்தன. தீர்ப்பின் மை உலர்ந்தபின்பும் நிலம் அதற்குக் கீழ்ப்படிய நாளாயிற்று என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தீர்ப்பைத் தொடர்ந்த அரசியலைச் சுருங்கக் கூறலாம். தீர்ப்பு வந்து இரு வாரத்துள் ஜெனீவாவில் கூடிய பேச்சுவார்த்தை பயனின்றி முடிந்தது. 2008 மே 10 இல் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். முன்னாள் ஆயுதக் குழுவொன்றின் தலைவர் அவர் என்பதையும், ஆயுத ஒப்படைப்பு நிறைவேறாமையாலேயே முன்னைய சபையின் அடித்தளம் வறிதாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தோர் அன்று சிலரேனும் இருந்திருப்பர். 2012 இல் மீண்டும் தேர்தல் நடந்தது. நஜீப் அப்துல் மஜீதும் பின்னர் நசீர் அகமதும் முதலமைச்சராயினர். கிழக்கு மக்கள் தம் சபையைத் தாமே தெரிந்துகொண்டனர் என்ற அளவில் மனுதாரரின் முறைப்பாடு நிறைவெய்தியது எனலாம்.

ஆயின் அந்நிறைவு நெடுநாள் நிற்கவில்லை. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அவ்வாண்டு நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் புதிய எல்லை நிர்ணயத்தைக் கோரியது. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல் நிராகரித்தது. பழைய முறைப்படியும் நடத்தவியலாமல், புதிய முறைப்படியும் நடத்தவியலாமல் தேர்தல் நின்றது. அதன் பின் வந்த ஏழாண்டுகளில் ஆளுநரே மாகாணத்தை நடத்தினார். தம் மாகாணத்துக்கெனச் சபையைத் தெரியும் உரிமை நாளும் தொடரும் உரிமை, அதன் மறுப்பு நாளும் தொடரும் மீறல் என்று 2006 இல் கூறப்பட்ட அதே நியாயம் இந்நிலைக்கும் அட்சரம் பிசகாமற் பொருந்தும். இணைந்த மாகாணத்தில் வாக்கில்லாதிருந்தமை மீறலெனின், தனித்த மாகாணத்தில் வாக்கில்லாதிருத்தல் எவ்வாறு மீறலாகாது போகும்? அன்று கொடியேந்தி வந்தோர் எவரும் இவ்வினாவோடு நீதிமன்றப் படியேறவில்லை.

இன்னொன்றும் உண்டு. இணைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று இத்தீர்ப்பு எங்கும் கூறவில்லை. இணைத்த முறையே பிழை என்றது. கொழும்பிலுள்ளோர் இதனை நன்கறிவர். அதனாலேயே 2013 இல் வடமாகாண சபைத் தேர்தலுக்கு முன்னர் 154அ(3) உறுப்புரையையே நீக்கிவிட அரசு முயன்றது, முஸ்லிம் காங்கிரஸ் எதிர்த்ததும் முயற்சி கைவிடப்பட்டது. இணைப்பினால் இழக்கக்கூடியோர் எனக் கருதப்பட்டோரே அதற்குரிய சட்ட வாயிலை மூடவிடாது காத்தனர் என்பது இவ்வரலாற்றின் எதிர்பாராத பக்கம். அவ்வுறுப்புரை அரசியலமைப்பில் நிற்கின்றது. 37 ஆம் பிரிவும், ஆயுத ஒப்படைப்பு நிபந்தனையோடு, சட்டநூலில் நிற்கின்றது. 2009 மே மாதத்தோடு போர் முடிந்துவிட்டது. பிரகடனத்துக்குத் தடையாக நின்ற பகைச்செயல்களும் படைக்கலங்களும் இன்று இல்லை. நீதிமன்றம் காத்துநின்ற முன்னிபந்தனை இப்போது நிறைவேறியிருக்கின்றது என்று ஒருவர் வாதிட்டால், அவ்வாதத்துக்கு 2006 இன் தீர்ப்பில் மறுமொழி இல்லை.